28 நாள் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறோம். எஸ்எம்எஸ் அனுப்பிப் பல வருஷம் ஆச்சு. அப்படியென்றால் போன் கம்பெனிகள் நஷ்டப்பட வேண்டியதுதானே? ரீசார்ஜ் மட்டும் ஏறிக்கொண்டே போகிறதே! – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நஷ்டப்பட்டார்கள், நன்றாகவே பட்டார்கள். மிஸ்டு கால் கொடுத்து "பஸ் ஏறிட்டேன்" என்று சொன்ன காலத்தில் அவர்கள் விற்றது நிமிஷத்தை, பிறகு வினாடியை. தீபாவளியன்று எஸ்எம்எஸ் பேக் வேலை செய்யாது, ஒவ்வொரு வாழ்த்துக்கும் தனிக் காசு. காலர் டியூனுக்கு வேறு மாசாமாசம் பிடிப்பார்கள். வாட்ஸ்அப் வந்து எஸ்எம்எஸ்ஸை முழுங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, பேசுவதற்குக் காசே வேண்டாம் என்றது. தாக்குப்பிடிக்க முடியாதவர்களில் நம்ம ஏர்செல்லும் ஒன்று. 2018 பிப்ரவரியில் சிக்னல் போய் தமிழ்நாடே தவித்தது நினைவிருக்கும். அடுத்த வருஷம் வோடபோன் ஐடியா ஒரே காலாண்டில் ஏறக்குறைய 51,000 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது (அதில் ஏறக்குறைய பாதி, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் அரசுக்குக் கட்டவேண்டி வந்த பாக்கி, அந்தப் பழியை வாட்ஸ்அப் மேல் போட முடியாது).

மிஞ்சியவர்கள் மீட்டரையே மாற்றிவிட்டார்கள். இப்போது நாம் காசு கொடுப்பது பேச்சுக்கு இல்லை, நாட்களுக்கு. முன்பு 10 ரூபாய் டாப்-அப் போட்டு, அளந்து பேசி, மாசத்தை ஓட்டலாம். இன்கமிங் மட்டும் போதும் என்று இருந்தவர்களிடம் 2018 கடைசியில் 35 ரூபாய் ரீசார்ஜ் கேட்டார்கள். 2024 ஜூலையில் ஏர்டெல்லில் அது 199 ஆகிவிட்டது. நீங்கள் பேசினாலும் பேசாவிட்டாலும் அதே காசுதான், அதுவும் 28 நாளுக்கு, அதாவது வருஷத்துக்கு 13 தடவை. ஏர்டெல்லுக்கு ஓர் ஆளிடமிருந்து கிடைக்கும் மாதச் சராசரி 2018 கடைசியில் 104 ரூபாய், 2025 மார்ச்சில் 245. போட்டிக்கு ஆள் குறைந்தால் இப்படித்தான்.

கேள்வி: என் அம்மாவிடம் பட்டன் போன்தான். நெட்டுக்கும் சேர்த்து ஏன் கட்டணும்? – ஒரு வாசகர், தென்காசி

பதில்: கட்ட வேண்டியதில்லை. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் இருந்தே ஆகவேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் (போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு ஆணையம்) உத்தரவு போட்டது, அடுத்த மாசமே வந்துவிட்டது. ஆனால் 84 நாள், ஒரு வருஷம் என்று மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள். கடையில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.