இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளியின் மழலையர் பிரிவில் அப்ரெண்டிஸாக (வேலை செய்தபடியே தொழில் பழகுபவராக) சேர்வது படிப்பா, வேலையா?

சட்டப்படி அது வேலைதான். சம்பளமும் விடுப்பும் உண்டு, பயிற்சி நேரமும் சம்பளம் பெறும் வேலைநேரத்துக்குள்ளேயே அடங்க வேண்டும்.

பள்ளியில் பெரும்பாலும் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் பயிலும் நர்சரி, ரிசப்ஷன் (முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) வகுப்புகளில், ஆசிரியரின் மேற்பார்வையில் இருப்பீர்கள். பிறப்பு முதல் 5 வயது வரைக்கான அரசின் கல்விக் கட்டமைப்பு ஏழு கற்றல் துறைகளைச் சொல்கிறது. அவற்றுள் பேச்சும் மொழியும், உடல் வளர்ச்சி, உணர்வும் பிறரோடு பழகுதலும் ஆகிய மூன்றே அடிப்படையானவை. ஆகவே, மணல்தொட்டியருகே ஒரு குழந்தை தன் வாளியை இன்னொன்றுக்கு விட்டுக்கொடுப்பதைக் கவனித்து, அடுத்து அதற்கு எதைக் காட்டலாம் என்று யோசிப்பதே இப்பயிற்சியின் உயிர் என்பேன். (மூக்கைத் துடைத்துவிடுவதும் அதற்குக் குறைந்த வேலையல்ல.)

இப்பயிற்சியில் லெவல் 2 தொடக்க நிலை; அடுத்த நிலையான லெவல் 3 முடித்தவரே ‘எர்லி இயர்ஸ் எஜுகேட்டர்’, அதாவது மழலைக் கல்வியாளர். குழந்தைகளோடு பழகும் பணி என்பதால் டி.பி.எஸ். எனும் குற்றப்பின்னணிச் சோதனையும் உண்டு.

சம்பளம்தான் இடிக்கும். 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியோருக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தபோது, 19 வயதுக்குட்பட்ட அல்லது முதலாண்டிலுள்ள அப்ரெண்டிஸுக்கு 7.55 பவுண்டு மட்டுமே. பள்ளி விடுமுறை வாரங்களை ஊதியத்தில் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் முன்பே பார்த்துவிடுங்கள். வகுப்பாசிரியராக விரும்பினால் பட்டப்படிப்பும் ஆசிரியர் தகுதியும் தனியே வேண்டும்.