எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி: கேள்வி பதில்

கும்பகோணம்: அப்பாவுக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. இப்போது ‘ஸ்பெக்ட்ரோ’வும் எடுக்கச் சொல்கிறார்கள். மறுபடியும் ஊசியா சார்?

இதற்கென்று ஊசி கிடையாது. அதே மெஷின், அதே காயில் (சிக்னலை வாங்கும் சுருள்). ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடம் போல ஆகும். தண்ணீரின் சிக்னலை அடக்கிவிட்டு, அதன் அடியில் கிடக்கும் என்.ஏ.ஏ. (நரம்பணுக்களில் இருப்பது), கிரியாட்டின், கோலின் முதலிய மூளை வேதிப்பொருள்களைப் படிக்கிறோம். தண்ணீர் இவற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு. அப்பா தலையை லேசாக அசைத்தாலும் கிராஃப் குலைந்துபோகும்.

மன்னார்குடி, ஸ்கேன் டெக்னீஷியன்: 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள மெஷின். மண்டையோட்டை ஒட்டிய கட்டி. கிராஃபின் கிடை அளவுகோலில் 1.3 பி.பி.எம்.மில் பெரிய மேடு. லாக்டேட்டா, கொழுப்பா?

வேதிப்பொருள்களின் ரேஷியோ அட்டவணையை மூடிவிட்டுக் கிராஃபைப் பாருங்கள் சார். முதல் சந்தேகம் தலைத்தோலின் கொழுப்பு மேல்தான். வாக்ஸலை (சிக்னல் எடுக்கும் கனசதுரக் கட்டத்தை) எலும்பிலிருந்து உள்ளே தள்ளுங்கள், சுற்றிலும் சாச்சுரேஷன் பட்டை (அந்த இடத்துச் சிக்னலை அடக்குவது) போடுங்கள். 2 செ.மீ. கட்டம் அடங்காமல் 1.5 ஆக்கினால் 8 மி.லி. சுமார் 3.4க்கு இறங்கும், சிக்னலும் அதே அளவு விழும். ஆவரேஜை (திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி பார்க்கும் தடவைகளை) 128இலிருந்து 256 ஆக்கினாலும், இரைச்சலுக்கு எதிரே சிக்னல் 1.4 மடங்குதான் மீளும்.

பிறகு டி.இ. (எக்கோ நேரம்) 144 மில்லி செகண்டில் ஓட்டுங்கள். லாக்டேட் என்றால் 7 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரட்டை முனையாகத் தலைகீழாகத் தொங்கும். கொழுப்பு கவிழாது, டி.இ. நீள நீளச் சுருங்கும். வாக்ஸல் சுத்தமாக இருந்தும் கொழுப்பு நின்றால் அது கட்டிக்குள்ளேயே இருப்பது: காசநோய்க் கட்டியோ, உள்ளே திசு செத்த புற்றோ. நம் பக்கத்தில் முதலாவதை மறக்கவே கூடாது. தண்ணீர் முனையின் பாதி உயர அகலம் 10 ஹெர்ட்ஸைத் தாண்டினால் மறுபடி ஷிம் செய்யுங்கள் (காந்தப்புலத்தைச் சீராக்குங்கள்). உள்ளே ரத்தக்கசிவோ சுண்ணாம்புப் படிவோ இருந்தால் எத்தனை தடவை செய்தாலும் படியாது, வாக்ஸலை நகர்த்தத்தான் வேண்டும்.

திருவாரூர்: கோலின் ஏறி என்.ஏ.ஏ. இறங்கினால் புற்றுநோய்தானே?

அவசரப்படாதீர்கள். புதிதாக மயலின் (நரம்பிழையின் உறை) உரியும் இடத்திலும் இதே படம் வரும்.

நாகப்பட்டினம், உயிர்வேதியியல் மாணவன்: உப்பேறிய வயலின் நெல் இலைச் சாற்றை என்.எம்.ஆரில் (இதே தத்துவத்தில் குழாயில் உள்ள மாதிரியைப் படிக்கும் ஆய்வகக் கருவி) போட்டால், முனைகள் மாதிரிக்கு மாதிரி நகர்கின்றன, உயரமும் குறைகிறது.

இரண்டும் வேறு வேறு வியாதி தம்பி. சிட்ரேட், மாலேட் முனைகள் பி.எச். மாறினாலும் கால்சியம் இருந்தாலும் நகரும். பி.எச். நிலையாக நிற்க, உறையவைத்து உலர்த்திய தூள் 50 மி.கி.க்கு, டியூட்டீரியம் ஏற்றிய மெத்தனாலும் கனநீரில் கரைத்த பி.எச். 6 பாஸ்பேட் பஃபரும் தலா 0.75 மி.லி. விட்டு, கலக்கி, சென்ட்ரிஃபியூஜ் செய்து, தெளிவை மட்டும் 600 மைக்ரோலிட்டர் எடுங்கள். உயரம் குறைவது உப்பால். கரைசல் மின்சாரம் கடத்தத் தொடங்கியதும் புரோபின் (சிக்னலை வாங்கும் பகுதி) உணர்திறன் விழும், 90 டிகிரி பல்ஸும் (அணுக்கருக்களின் காந்தத்தை 90 டிகிரி சாய்க்கும் ரேடியோ துடிப்பு) நீளும். ஒவ்வொரு மாதிரிக்கும் டியூன், மேட்ச் செய்து (புரோபை மாதிரிக்கு ஏற்ப இசைத்து) பல்ஸை அளந்த பிறகே ஓட்டுங்கள். கிரையோபுரோபில் (கடுங்குளிரில் இயங்கும் புரோப்) இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அங்கே 5 மி.மீ. குழாயை விட்டு 3 மி.மீ.க்கு மாறினால் தேறும்.