58 பந்தில் 58 ரன் மெதுவா?

கேள்வி: மகளிர் உலகக் கோப்பையில் தொடர் நாயகி விருது வாங்கிவிட்டார், சரி. ஆனால் இந்திய அணியின் தீப்தி சர்மா பேட்டிங் ஆடுகிற வேகத்துக்கு அவரை ஆல்ரவுண்டர் என்பது கொஞ்சம் அதிகமில்லையா? நல்ல ஆஃப் ஸ்பின்னர் என்று சொன்னால் போதாதா?

பதில்: போதாது. ஸ்டிரைக் ரேட்டை, அதாவது 100 பந்துக்கு எத்தனை ரன் என்பதைப் பார்த்த நீங்கள், அவர் எந்த நேரத்தில் உள்ளே வந்தார் என்பதைப் பார்க்கவில்லை.

2025 நவம்பர் 2, நவி மும்பை, தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான உலகக் கோப்பை இறுதிப் போட்டி. 30ஆவது ஓவரில் ஜெமிமா அவுட்டாகி 171க்கு 3 என்று இருக்கும்போது தீப்தி வருகிறார். ஷெஃபாலி 87 அடித்துவிட்டுச் சற்று முன்புதான் போயிருந்தார். இந்த இடத்தில் இன்னும் இரண்டு விக்கெட் விழுந்திருந்தால் 250 தாண்டுவதே பாடு. தீப்தி இடக்கை, மறுமுனையில் ஹர்மன்பிரீத் வலக்கை. ஒவ்வொரு சிங்கிளுக்கும் பௌலர் லைனை மாற்ற வேண்டும், ஃபீல்டர்கள் இடம் மாற வேண்டும். அந்த ஜோடி 52 ரன் சேர்த்தது. தீப்தி 58 பந்தில் எடுத்த 58இல் மூன்று பவுண்டரி, ஒரு சிக்ஸர். மிச்சம் 40 ரன்னும் ஓடி எடுத்தது! ஒரு முனை நிலையாக இருந்ததால்தான் ரிச்சா கோஷ் வந்ததும் வீசி அடிக்க முடிந்தது. 24 பந்தில் 34. கடைசிப் பந்தில் ரன் அவுட் ஆகும்வரை தீப்தி நின்றார். ஸ்கோர் 298.

அடுத்து பந்துவீச்சு. தென்னாப்பிரிக்காவின் லாரா வோல்வார்ட் சதம் அடித்து நிற்கிறார். தேவைப்படும் ரன் ரேட் 9ஐ நெருங்குகிறது. இந்த நேரத்தில் ஆஃப் ஸ்பின்னர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு. அடி விழுமே என்ற பயத்தில் வேகத்தைக் கூட்டி, பந்தைக் குறுக்கிப் போட்டுவிடுவார்கள். பேட்டர் பின்காலில் போய் மிட்விக்கெட் மேல் இழுத்துவிடுவார். தீப்தி முன்னால் போட்டார். 40ஆவது ஓவரில் டெர்க்சனின் ஸ்டம்பை, காலடியில் விழுந்த ஒரு யார்க்கர் சாய்த்தது. 42ஆவது ஓவரின் முதல் பந்தில் வோல்வார்ட் தூக்கி அடிக்க, டீப் மிட்விக்கெட்டில் அமன்ஜோத் பந்தைத் தட்டித் தட்டி மூன்றாவது முயற்சியில் பிடித்தார். அதே ஓவரில் டிரையான் எல்பிடபிள்யூ. ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. 39 ரன்னுக்கு 5 விக்கெட். உலகக் கோப்பை இறுதிப் போட்டி ஒன்றில் அரைசதமும் ஐந்து விக்கெட்டும் வேறு யாரும் எடுத்ததில்லை. தொடர் முழுக்க 215 ரன், 22 விக்கெட். இதில் எந்தப் பாதியைக் கழித்துவிட்டு 'ஆஃப் ஸ்பின்னர்' என்று எழுதச் சொல்கிறீர்கள்?

அடிக்கத் தெரியாதவரும் இல்லை. 2017இல் பொச்செஃப்ஸ்ட்ரூமில் அயர்லாந்துக்கு எதிராகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 160 பந்தில் 188 எடுத்தவர். பூனம் ராவத்துடன் முதல் விக்கெட்டுக்கு 320. பிறகு அணியின் தேவைக்காகக் கீழே இறக்கப்பட்டார். நடுவரிசையில் வருகிறவருக்கு 188 அடிக்க ஏது பந்து? இதே உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், குவாஹாத்தியில் இலங்கைக்கு எதிராக 124க்கு 6. அமன்ஜோத் 57, தீப்தி 53. அந்தக் கூட்டணி இல்லையென்றால் முதல் நாளே தோல்வி.

உங்கள் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தூரில் இங்கிலாந்துக்கு எதிராக 4 விக்கெட் எடுத்தார், 50 ரன்னும் எடுத்தார். ஆனால் 47ஆவது ஓவரில் தூக்கி அடித்துக் கேட்ச் கொடுத்தார். நாம் 4 ரன்னில் தோற்றோம். நின்று முடித்திருக்க வேண்டிய ஆட்டம் அது, எனக்கு இன்னும் ஆறவில்லை. டி20யில் இந்தக் குறை பெரிதாகத் தெரியும். ரிச்சாவுக்கு இருக்கிற மணிக்கட்டு பலம் தீப்திக்கு இல்லை. இடைவெளி பார்த்துத் தட்டுவதும் ஸ்வீப்பும்தான் அவர் வழி. நான்கு ஓவர் மிச்சமிருக்கும்போது ரிச்சாவை உட்கார வைத்துவிட்டு தீப்தியை அனுப்பினால், அது அனுப்பியவர் தவறு. 10 ஓவருக்குள் மூன்று விக்கெட் போனால் தீப்தி, 15 ஓவர் தாண்டிவிட்டால் ரிச்சா. வரிசை எண்ணை ஒட்டிக்கொண்டிராமல், மீதமுள்ள ஓவரைப் பார்த்து அனுப்புங்கள்.