பல யூனிஃபார்ம்ல வந்தவங்க எப்படி ஒரே விண்வெளிப் படையா ஆகுறாங்க? கேளுங்க சொல்றேன்

நான் இங்க எஸ்ஏஎஃப்ல, அதாவது சிங்கப்பூர் ஆயுதப்படையில, ரெகுலரா (முழுநேர வீரரா) இருந்து வெளிய வந்தவன். அமெரிக்க ஸ்பேஸ் ஃபோர்ஸ் எப்படி உருவாகுதுன்னு ஆரம்பத்துல இருந்தே விடாம படிச்சுட்டு வரேன், கேள்வி அனுப்பின எல்லாருக்கும் நன்றி.

ஈசூன் தம்பி: அண்ணே, அங்க பெரும்பாலும் ஏர்ஃபோர்ஸ் ஆளுங்கதானே, அப்புறம் ஒத்துப்போறதுல என்ன கஷ்டம்?

2019 டிசம்பர் 20ல ஆரம்பிச்சப்ப ஏர்ஃபோர்ஸ் ஆளுங்கதான் தம்பி, பிறகு ஆர்மி, நேவியில சாட்டிலைட் பாத்தவங்களும் வந்தாங்க. ஆனா எனக்கு யூனிஃபார்ம் பெரிய விஷயமா படல, தொழில் பிரிவுதான் பெருசு. சாட்டிலைட் ஓட்டுறவர் ஒரு பக்கம், இன்டெல் (உளவுத் தகவல் பாக்குறவங்க) ஒரு பக்கம், சைபர் ஒரு பக்கம், சிஸ்டத்தை வாங்கிக் கட்டுற இன்ஜினியர் இன்னொரு பக்கம், ஒவ்வொருத்தருக்கும் தனி பாஸ், பிரமோஷனுக்கும் தனித்தனி கணக்கு, இப்படி இருந்தா எங்க ஒட்டும் சொல்லுங்க.

உட்லண்ட்ஸ் அக்கா: ஸ்பேஸ் ஃபோர்ஸ் ஆளுங்களுக்கு கார்டியன்னு பேர் வச்சாங்களே, அதால பிரயோஜனம் இருக்கா?

இருக்குக்கா, கொஞ்சம். பேர் 2020 டிசம்பர்ல வந்துச்சு, அடுத்த வருஷம் குணம், இணைப்பு, அர்ப்பணிப்பு, துணிச்சல்னு நாலு மதிப்பும் எழுதி வச்சாங்க. "நீ யாரு"ன்னு கேட்டா எல்லாரும் சொல்ல ஒரே பதில் கிடைச்சுச்சு, அவ்ளோதான்.

உண்மையா மாத்துறது 2023ல சோதனையா ஆரம்பிச்ச வேற ஒரு ஏற்பாடுன்னு நான் நம்புறேன். முதல்ல ரெண்டு வேலைக்கு செஞ்சாங்க, ஒண்ணு எலக்ட்ரானிக் வார்ஃபேர் (எதிரியோட சிக்னலைக் குழப்புறது மாதிரி வேலை), இன்னொண்ணு ஜிபிஎஸ். சிஸ்டத்தை ஓட்டுறவங்க, இன்டெல், சைபர், அதைப் பராமரிச்சு மேம்படுத்துறவங்க எல்லாரையும் ஒரே கமாண்டர் கீழ கொண்டு வந்தாங்க. முன்னாடி கோளாறுன்னா வேற கமாண்ட்ல இருக்கிற இன்ஜினியருக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கணும், இப்ப அவரும் உன் யூனிட்டு, சிக்னல் போனா அவருக்கும் தூக்கம் போகும். சேர்ந்து பொறுப்பு எடுக்குறப்பதான் "நம்ம ஆளு"ங்கிற நினைப்பு வரும்.

பிடோக் வாசகர்: ட்ரெய்னிங்ல என்ன செய்றாங்க சார்?

2024ல இருந்து புது ஆபீசர்களுக்கு கொலராடோவுல ஒரு வருஷ கோர்ஸ். யாரு எந்தப் பிரிவுக்குப் போனாலும் முதல்ல ஸ்பேஸ், இன்டெல், சைபர் மூணையும் படிக்கணும். நல்ல முடிவு சார், இதைக் குறைச்சிடக் கூடாது.

ஜூரோங் தம்பி: நம்ம ஊர்ல இதெல்லாம் தேவையா?

நமக்குத் தனி விண்வெளிப் படை கிடையாது, ஆனா 2022 அக்டோபர்ல டிஐஎஸ்னு டிஜிட்டல், உளவுத்துறைப் படை எஸ்ஏஎஃப்ல நாலாவது படையா வந்துச்சு, அதுலயும் இன்டெல், சைபர்னு பல தொழில்காரங்க கலந்திருக்காங்க. நம்ம அரசாங்கப் பாதுகாப்புத் தொழில்நுட்ப அமைப்பு டிஎஸ்டிஏவும், எஸ்டி இன்ஜினியரிங் கம்பெனியும் செஞ்ச டிஎஸ்-சார்ங்கிற ரேடார் சாட்டிலைட் 2023 ஜூலைல ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து போச்சு, நம்ம தமிழ்நாட்டுக்குப் பக்கத்துலதான். நமக்கு ஒரு வசதி, எந்தப் படையா இருந்தாலும் ஆபீசர் கேடட் சாஃப்டிங்கிற ராணுவப் பயிற்சிக் கழகத்துக்குத்தான் போகணும், எஸ்ஏஎஃப் மதிப்புகளும் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

செங்காங் தங்கச்சி: இந்த மாதிரி இடத்துல சிவிலியன் இன்ஜினியரா சேர்ந்தா வெளியாளா பாப்பாங்களா?

அது கமாண்டரைப் பொறுத்ததும்மா. எக்சர்சைஸ் (ராணுவ ஒத்திகை) முடிஞ்சு நடக்குற ரிவ்யூல சிவிலியனையும் உக்கார வச்சு "நீ என்ன பாத்தே"ன்னு கேக்குறாரான்னு அங்க வேலை பாக்குறவங்ககிட்ட விசாரி. கேக்குறார்னா தைரியமா சேரு.