விக்டோரியா நினைவு மண்டபம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் குடும்பத்தோடு கொல்கத்தா போகிறோம். விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு அரை நாள் ஒதுக்கலாமா? தாஜ்மகாலின் நகல் என்கிறார்கள். வெள்ளைக்காரன் கட்டிக்கொண்ட அடிமைச் சின்னத்தைப் பிள்ளைகளுக்கு ஏன் காட்ட வேண்டும் என்று மனைவி கேட்கிறாள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நகல் பேச்சை விடுங்கள். வெள்ளைக் கல்லில் குவிமாடம் இருந்தால் உடனே தாஜ்மகாலா? வரைந்தவர் வில்லியம் எமர்சன். ஐரோப்பியப் பாணியோடு முகலாயச் சாயலையும் கலந்தார். அவ்வளவுதான்.

‘வெள்ளைக்காரன் கட்டிக்கொண்ட’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். போன வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு மக்ரானா கல், அதாவது ராஜஸ்தானத்து வெள்ளைப் பளிங்கு, வந்து இறங்கியது. கல் பதிக்க வந்த ராஜஸ்தான்காரர் பலகை மேல் சொட்டுத் தண்ணீர் விட்டு, “குடிக்காது, பாருங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் துணியால் ஒற்றி எடுத்தார். சுவடே இல்லை. விரல் நுனியில் மட்டும் அந்தக் குளிர்ச்சி. அன்றிலிருந்து எனக்குக் கொல்கத்தா நினைவுதான்.

அந்த மண்டபமும் மக்ரானா கல்தான். ராஜஸ்தானின் மார்வாடு மண்ணில் வெட்டியது. ராணி இறந்தது 1901 ஜனவரியில். அதற்குச் சற்று முன்புதான், 1899-1900இல், ராஜபுதனத்தை, அதாவது இன்றைய ராஜஸ்தானை, பெரும் பஞ்சம் சூறையாடியிருந்தது. ‘சப்பனியா’ என்று அங்கே இன்றும் அதைச் சொல்வார்கள். அந்தத் துயரம் ஆறுமுன் வைஸ்ராய் கர்சன் நினைவு மண்டபத்துக்கு நன்கொடை கேட்டார். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஆன செலவில் பெரும்பகுதி சமஸ்தான மன்னர்களும் இந்திய மக்களும் கொடுத்தது. 1906இல் அடிக்கல். 1911இல் தலைநகர் கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போகிறது என்று அறிவித்துவிட்டார்கள். வேலை நிற்கவில்லை, 1921இல்தான் திறந்தார்கள். கட்டுமானம் மார்ட்டின் கம்பெனியுடையது. அதன் பங்குதாரர் ராஜேந்திரநாத் முகர்ஜி, வங்காளி.

காசு யாருடையது, கல் யாருடையது, கை யாருடையது? இவ்வளவும் நம்முடையதாக இருக்க, ‘வெள்ளைக்காரன் கட்டினான்’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? மண்டபத்துக்கு ராணியின் பெயரைக் கொடுத்தது அவன். உழைப்பையும் சேர்த்து அவனுக்கே எழுதிக் கொடுப்பது நீங்கள். பஞ்சத்தில் பிழைத்துக் கிடந்த ஊரில் எத்தனை பேர் அந்தப் பாறையைப் பிளந்தார்கள்! ஒருவன் பெயரும் நமக்குத் தெரியாது. கோபம் வந்தால் அதற்கு வரட்டும்.

உங்கள் மனைவியின் கேள்வி நல்ல கேள்வி. கோபித்துக்கொள்ளாதீர்கள், அதைப் பிள்ளைகள் முன்னாலேயே கேட்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் ஆங்கிலேயர் காலத்துப் பெரிய மனிதர்களின் சிலைகளோடு முகர்ஜியின் சிலையும் நிற்கிறது. முதலில் அங்கே கூட்டிப் போங்கள். அப்புறம் நிழல் விழும் பக்கமாகப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னவனுக்கு எட்டாவிட்டால் தூக்கிப் பிடியுங்கள்.