காயின் போடுற தண்ணி மெஷின்ல ஜிபே, போன்பே எப்படி கொண்டு வர்றது?

கேள்வி கேட்டவர் தண்டையார்பேட்டைல ரெண்டு காயின் வாட்டர் மெஷின் போட்டிருக்காராம், வர்றவங்க எல்லாம் ஜிபே இல்லையான்னு கேக்குறாங்க, மெஷின மாத்தாம அதுலயே பண்ண முடியுமான்னு கேட்டிருக்கார். தாராளமா முடியும். நான் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பக்கம் இந்த மெஷினுங்களுக்கு சர்வீஸ் பாக்குறேன், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

உங்க சொந்த நம்பர் க்யூஆர மெஷின்ல ஒட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு பல பேர் நினைக்கிறாங்க. பணம் உங்க அக்கவுண்ட்டுக்கு வரும், ஆனா வால்வு திறக்காது, ஏன்னா பணம் வந்தது உங்களுக்குத்தான் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. மெஷினுக்கு அத சொல்ற வழிதான் இந்த மொத்த வேலையும்.

உங்க மெஷின்ல காயின் போடுற பாகத்த கழட்டி பின்னாடி பாருங்க, பெரும்பாலும் நாலு ஒயர் இருக்கும், 12 வோல்ட், கிரவுண்ட், காயின் சிக்னல், கவுண்டர். காயின் விழுந்தா அந்த சிக்னல் ஒயர்ல ஒரு சின்ன பல்ஸ் போகும். ஒரு ரூபாய்க்கு ஒரு பல்ஸ்னு செட் பண்ணியிருந்தா அஞ்சு ரூபா காயினுக்கு அஞ்சு பல்ஸ், மெயின் போர்டு அத எண்ணிப் பாத்துதான் தண்ணி விடுது. யுபிஐ டிவைஸும் (பணம் வந்த தகவல வாங்கி மெஷினுக்கு சொல்ற சின்ன பெட்டி) அதே ஒயர்ல அதே பல்ஸ கொடுத்தா போதும், போர்டுக்கு காயின் விழுந்த மாதிரியே இருக்கும். ஆனா நேரா ஒயர முறுக்கி விடாதீங்க, நடுவுல ஆப்டோகப்ளர் (ரெண்டு பக்க ஒயரும் நேரா தொடாம வெளிச்சம் மூலமா சிக்னல மட்டும் கடத்துற சின்ன பாகம்) இருக்கணும், கிரவுண்ட் எங்க சேருது எங்க சேரக்கூடாதுன்னு டிவைஸ் கொடுக்குறவங்க டயக்ராம பாத்து மட்டும் கொடுங்க. பல்ஸோட நீளமும் ஒத்துப் போகணும், காயின் பாகத்துல வேகம், மீடியம், மெதுன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதுல என்ன வச்சிருக்கோ அதையே டிவைஸ்லயும் வைங்க, இல்லன்னா அஞ்சு ரூபாய்க்கு நாலு ரூபா தண்ணிதான் வரும், அப்புறம் வீட்டம்மாங்க சும்மா விட மாட்டாங்க, அவங்க கேக்குறதும் நியாயம்தான். மோட்டார் ஒயர் பக்கத்துலயே சிக்னல் ஒயர கொண்டு போகாதீங்க, மோட்டார் ஆன் ஆகும்போது பொய் பல்ஸ் விழும்.

(ஆபீஸ்ல இருக்குற ஸ்நாக்ஸ், காபி மெஷின்ல எம்டிபின்னு பேமெண்ட் ரீடர் மாட்டுறதுக்குன்னே தனி போர்ட் இருக்கும், அதுக்கு ரீடர நேரா சொருகிடலாம். நம்ம தண்ணி மெஷின்ல அது பொதுவா இருக்காது.)

அக்கவுண்ட் மெர்ச்சன்ட் அக்கவுண்ட்டாதான் (வியாபாரத்துக்குன்னு எடுக்குற யுபிஐ அக்கவுண்ட்) இருக்கணும், அதுல தான் பணம் வந்த உடனே சர்வர்ல இருந்து டிவைஸுக்கு தகவல் போற வசதி கிடைக்கும். எஸ்எம்எஸ்ஸ படிச்சு ரிலேவ (சிக்னல் வந்தா தானா போடுற சுவிட்ச்) ஆன் பண்ணித் தர்றேன்னு யாராவது சொன்னா வேண்டவே வேண்டாம், எஸ்எம்எஸ் லேட்டா வரும், அதே மாதிரி பொய் மெசேஜும் அனுப்பலாம். ரெண்டு மெஷினுக்கும் தனித்தனி க்யூஆர் வாங்குங்க. ஸ்டிக்கர அக்ரிலிக் ஷீட்டுக்கு உள்ள வைங்க, வெளிய ஒட்டினா அது மேல வேற எவனாவது அவன் க்யூஆர ஒட்டிட்டுப் போயிடுவான். 2020 ஜனவரில இருந்து யுபிஐக்கு எம்டிஆர் (பேமெண்ட் வாங்குற கடைக்காரர்கிட்ட பிடிக்கிற கமிஷன்) கிடையாது, ஆனா டிவைஸ் கம்பெனி மாச வாடகை, சிம் காசுன்னு தனியா வாங்குவாங்க, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அத கேளுங்க, ஒரு குடம் அஞ்சு ரூபாய்க்கு விக்கிற தொழில்ல மாச வாடகை ரொம்பப் பெரிய விஷயம்.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். பணம் போச்சு, நெட்வொர்க் இழுத்துச்சு, அந்தம்மா காத்திருந்து பாத்துட்டு வெறுங்குடத்தோட போயிட்டாங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு தகவல் வந்து தண்ணி ரோட்ல ஓடுது, இது நிஜமாவே நடக்கும். அதனால தகவல் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல லேட்டா வந்தா வால்வ திறக்காம பணத்த தானா திருப்பி அனுப்புற வசதி டிவைஸ்ல இருக்கான்னு கேளுங்க. அதே தகவல் சில சமயம் ரெண்டு தடவையும் வரும், டிரான்சாக்‌ஷன் நம்பர பாத்து ரெண்டாவத ஒதுக்கணும், இல்லன்னா ஒரு பேமெண்ட்டுக்கு ரெண்டு குடம் போயிடும். இந்த ரெண்டுக்கும் தெளிவா பதில் சொல்லாத கம்பெனிகிட்ட வாங்காதீங்க.

சிம் டவர் பொறுத்தது, மாட்டுறதுக்கு முன்னாடி அந்த இடத்துலயே உங்க போன்ல எந்த சிம் நல்லா எடுக்குதுன்னு பாருங்க, இரும்புப் பெட்டிக்குள்ள சிக்னல் செத்துடும், ஆன்டெனாவ வெளிய எடுங்க. காசிமேடு, எண்ணூர்னு கடல் பக்கம்னா உப்புக்காத்துல டெர்மினல் பச்சை பூத்துடும், ரப்பர் சீல் போட்ட பெட்டி வாங்குங்க.

வாடிக்கையாளருங்ககிட்ட யுபிஐ லைட் (சின்ன தொகைக்காக ஆப்லயே முன்னாடியே பணம் ஏத்தி வைக்கிற வசதி) போடச் சொல்லுங்க, பின் அடிக்க வேண்டாம், சின்ன சின்ன அமவுண்ட் பாஸ்புக்ல வரிசையா ஏறாது.

காயின் ஸ்லாட்ட மட்டும் தயவுசெஞ்சு கழட்டிடாதீங்க. நம்ம ஏரியால பாட்டிங்க இருக்காங்க, கைல காயின் கொடுத்து அனுப்புற பசங்க இருக்காங்க, அவங்களுக்கு தண்ணி இல்லன்னு மெஷின் சொல்லக் கூடாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ கரண்டும் இல்ல டவரும் இல்ல, இன்வர்ட்டர்ல ஓடுன மெஷின்ல காயின்தான் வேலை செஞ்சுது. காயின் தூக்கிட்டு பேங்க்குக்கு அலையறது கஷ்டம்தான், ஆனா சில்லறைக்கு அலையற பக்கத்து கடைக்காரங்களே வந்து வாங்கிக்குவாங்க.

மாட்டி முடிச்சதும் 1 ரூபா, 5 ரூபா, 10 ரூபா மூணும் அனுப்பி தண்ணிய அளந்து பாருங்க, மோட்டார் ஓடும்போது ஒரு தடவை, கரண்ட் ஆஃப் பண்ணி ஆன் பண்ணி ஒரு தடவை. உங்க போர்டு போட்டோ, காயின் பாகத்தோட பின்பக்கம் போட்டோ ரெண்டும் போடுங்க, எந்த ஒயர்னு பாத்து சொல்றேன்.