ரத்தத்தில் உப்பு இருக்கிறதே! – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூலக்கூறுக் கொள்கலங்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஒரு சந்தேகம். மருந்தைத் தனக்குள் அடைத்துக்கொள்ளும் இந்தக் கூடுகளைப் பெரும்பாலும் தூய நீரில்தான் சோதிப்பதாக எழுதியிருந்தீர்கள். நம் ரத்தம் உப்பானது. உள்ளே போனதும் கூடு மருந்தைக் கக்கிவிடாதா?

ரா.

அன்புள்ள ரா.,

கக்கவும் செய்யும், முன்னைவிட இறுக்கிப் பிடிக்கவும் செய்யும். எந்த அயனி, அது எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்க வேண்டும்.

குக்கர்பிட்யூரிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் சீவியெடுத்த பூசணிக்காய் போன்ற மூலக்கூறு. இரண்டு வாய்களின் விளிம்பிலும் கார்பனைல் ஆக்சிஜன்கள், அதாவது சற்றே எதிர்மின் தன்மை கொண்ட ஆக்சிஜன்கள், வரிசையாக நிற்கும். நேர்மின் அயனிகளுக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். ஆறு அலகு கொண்ட குக்கர்பிட்யூரில் வெறும் நீரில் கரைவதே அபூர்வம். சோடியம் சல்பேட்டைச் சேர்த்தால் கரைந்துவிடும். தென்கொரியாவின் போஹாங்கில் கிம்மூன் கிம் குழுவினர் 1996-ல் இதை வைத்து அழகான வேலை ஒன்றைச் செய்தார்கள். சோடியம் அயனிகள் வாய்களில் மூடியாக அமர, உள்ளே டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற சிறிய கரைப்பான் மூலக்கூறு அடைபட்டது. அமிலத்தை விட்டதும் மூடி கழன்று, அடைபட்ட மூலக்கூறு வெளியே வந்தது. சோடியம் கார்பனேட்டால் அமிலத்தை முறித்ததும் மறுபடி உள்ளே போய்விட்டது. இங்கே உப்புதான் பூட்டு.

ஆனால் அடைபட வேண்டிய மருந்தே நேர்மின் சுமையுடன் இருந்தால் கதை மாறுகிறது. நைட்ரஜன் கொண்ட அமீன் வகை மருந்துகள் பலவும் உடம்புக்குள் அப்படித்தான் இருக்கின்றன. அதற்கும் அதே விளிம்பு வேண்டும், சோடியத்துக்கும் வேண்டும். போட்டியில் மருந்தின் பிடி தளர்கிறது. மருத்துவமனையில் ஏற்றும் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு, அதாவது சுமார் 154 மில்லிமோல் சோடியம். கூடு மருந்தை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று சொல்லும் பிணைப்பு எண்ணைத் தூய நீரில் மட்டும் அளந்து காட்டி ‘மருந்துக்கு உகந்தது’ என்று முடிக்கும் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற இன்னொரு கூட்டில் நிலைமை வேறு. அது சர்க்கரை வளையம். சோடியத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. தொல்லை தருபவை எதிர்மின் அயனிகள். பெர்குளோரேட், அயோடைடு, தயோசயனேட் மூன்றும் நீரை இறுகப் பற்றாதவை. நேரே குழிக்குள் புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இருந்தவர் வெளியேற வேண்டியதுதான். குளோரைடு அப்படிப் புகுவதில்லை. சாதாரண உப்பு, எண்ணெய்ப் பசையுள்ள மூலக்கூறுகளை நீரில் நிற்கவிடாமல் கூட்டுக்குள் தள்ளிவிடும். 1888-ல் ஹாஃப்மைஸ்டர் என்ற விஞ்ஞானி பிராக் நகரில் முட்டை வெள்ளைக்கருப் புரதத்தை வீழ்படியவைத்து, எந்த உப்பு எவ்வளவு வலுவாக அதைச் செய்கிறது என்று உப்புகளை வரிசைப்படுத்தினார். கிட்டத்தட்ட அதே வரிசைதான் இங்கேயும் தலைகாட்டுகிறது.

உங்கள் கவலைக்கு நேர் பதில் சுகமாடெக்ஸ். அறுவை சிகிச்சைக்குத் தசையைத் தளர்த்தத் தரும் ரோகுரோனியத்தை, சிகிச்சை முடிந்ததும் பிடித்து அடைக்கும் மருந்து அது. 2008-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. காமா வகை சைக்ளோடெக்ஸ்ட்ரினில் எதிர்மின் சுமையுள்ள எட்டுக் கைகளை ஒட்டியிருக்கிறார்கள். குழி ரோகுரோனியத்தின் எண்ணெய்ப் பசையான உடலை வாங்கிக்கொள்ள, கைகள் அதன் நேர்மின் முனையைப் பற்றிக்கொள்கின்றன. ரத்தத்தில் அவ்வளவு சோடியம் இருந்தும் பிடி விடுவதில்லை. இரண்டும் சேர்ந்தே சிறுநீரகம் வழியாக வெளியேறுகின்றன.